சாட்சியில்லா மாலை

மாலைத் தேநீர் மேசைக்கு வருவதற்குள் உலகம்மையின் கைப்பேசி மூன்று முறை அடித்துவிட்டது. முதலில் அக்காள் கணவர். "சும்மாத்தான் கூப்பிட்டேன், உடம்பெல்லாம் எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்து, மழை, மாவு விலை என்று சுற்றி வந்து, "ஆமா, இன்னைக்குக் கலங்குமா?" என்று நின்றார். அடுத்தவர் ஒரு கல்யாண மண்டபத்து மேலாளர். அவருக்குச் சுற்றி வளைக்கும் பொறுமைகூட இல்லை. மூன்றாவது அழைப்பு, மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் குழலி.

"அம்மா, ஒரே ஒரு வார்த்தை. கலங்குமா, கலங்காதா?"

"நாலரை மணிக்கு ஊருக்கெல்லாம் சொல்லுவேன். நீயும் கேட்டுக்க."

"பெத்த பொண்ணுக்குக்கூட முன்னாடி சொல்ல மாட்டியா?"

"பெத்த பொண்ணு எதுக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா சொல்லுதேன்."

பட்டென்று இணைப்பு அறுந்தது. உலகம்மை சிரித்துக்கொண்டே கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தாள். குழலியின் பச்சைப் புள்ளி விடுதிக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தேநீர் தொண்டையில் இறங்கியது.

கைப்பேசி, வண்டி, படகு, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை என்று சகலமும் செயற்கைக்கோளைக் கேட்டுத் தான் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டே இருந்த காலம் அது. அந்தக் குறிப்புக்கு இடச்சாட்சி என்று பெயர். நீதிமன்றம் அதை ஏற்கும், முதலாளி ஏற்பார், மாமியார் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பார். "நான் அங்கே போகவே இல்லை" என்று வாயால் சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை. சொன்னாலும் யார் கேட்கப் போகிறார்கள்? புள்ளி எங்கே இருந்ததோ ஆளும் அங்கேதான்.

அந்த ஏற்பாட்டில் ஓட்டை போட்டது வானம்தான். பூமியின் காந்த நடுக்கோடு தென் தமிழ்நாட்டின் தலைக்கு மேலே போகிறது. சூரியன் இறங்கியதும், அங்கே மிக உயரத்தில் இருக்கும் அயனிமண்டலம் நிலைகுலையும். கொதிக்கிற கஞ்சியில் கிளம்புவதுபோல அடியிலிருந்து பெரிய பெரிய குமிழிகள் மேலெழும். செயற்கைக்கோளின் சைகை அந்தக் குமிழி வழியாக வரும்போது மினுங்கும், மங்கும், சில சமயம் அறுந்தே போகும். அப்போது புள்ளி தெருவைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இதனால் ஆரம்பத்தில் உடைந்த குடும்பங்கள் பல. கடைசியில் சட்டம் ஒரு முடிவுக்கு வந்தது: மண்டபம் என்ற கடற்கரை ஊரிலுள்ள அயனிவான நிலையம் எந்த மாலை கலங்கும் என்று முன்கூட்டி அறிவிக்கிறதோ, அந்த மாலையில் எந்த இடச்சாட்சியும் செல்லாது. அறிவிக்காத மாலைகளில் செல்லும்.

மக்கள் அதற்குச் சாட்சியில்லா மாலை என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். ஓட்டுநரில்லாப் பேருந்துகள் நின்ற இடத்திலேயே நிற்கும். காதலர்கள், இன்னொரு கம்பெனிக்கு இரகசியமாகப் பேட்டிக்குப் போகிறவர்கள், டாக்டர் பேச்சை மீறிப் பரோட்டாக் கடைக்கு நடக்கிறவர்கள் என்று ஊரே தெருவில் இருக்கும். மறுநாள் யாரும் யாரையும் எங்கே இருந்தாய் என்று கேட்பதில்லை. அது மரியாதை.

இப்படி ஊரின் சாவி தன் கையில் இருப்பதில் நிலையத் தலைமைக் கணிப்பாளர் உலகம்மைக்குப் பெருமைதான். அவள் கணிப்பு பொய்த்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. தில்லியில் விருது கொடுத்தார்கள். உலகம்மை சொன்னால் வானம் கேட்கும் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அவளும் இல்லையென்று மறுத்ததில்லை.

அன்று கலங்காது என்று அறிவித்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். நாற்பது வயதிருக்கும். தங்கச்சிமடத்துப் படகுக்காரர் ரெமிஜியூஸின் மனைவி என்றும், பெயர் பிரகாசி என்றும் சொன்னாள்.

"மேடம், போன திங்கக்கிழமை கலங்காதுன்னு சொன்னீக. எங்க படகு எல்லையத் தாண்டி அறுநூறு மீட்டர் அங்கிட்டுப் போயிருச்சுன்னு பெட்டி சொல்லுது. எங்க வீட்டுக்காரர உள்ள வச்சுட்டாக. வெள்ளிக்கிழமை விசாரணை."

உலகம்மைக்கு விவகாரம் தெரியும். ஒவ்வொரு படகிலும் வேலிப்பெட்டி என்று ஒன்று உண்டு. கடல் எல்லையைத் தாண்டிய கணமே அது கடலோரக் காவலுக்குச் சொல்லிவிடும். குற்றம் உறுதியானால் படகு பறிமுதல், கடல் உரிமம் ஆயுளுக்கும் ரத்து.

"அவரு என்ன சொல்றாரு?"

"போகலைங்குறாரு. வலை அம்புட்டும் தண்ணியில கிடந்துச்சாம். வலைய விட்டுட்டு எங்கிட்டுப் போறதுங்குறாரு."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

பிரகாசி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "முன்னால ஒருக்காப் போயி மாட்டி, அங்கிட்டு எட்டு மாசம் ஜெயில்ல கிடந்தாரு மேடம். திரும்பி வந்த அன்னைக்கு அந்தோணியார் கோயில்ல, எம் பிள்ளை தலையில கைவச்சுச் சத்தியம் பண்ணாரு, இனிமே எல்லைப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்னு. இப்பப் பெட்டி போனாருங்குது, அவரு போகலைங்குறாரு. படகு போனாப் போகட்டும், கூலிக்குப் போயாச்சும் பிழைச்சுக்குவோம். சத்தியத்த மீறுனாரா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அதான் உங்கள்ட்ட வந்தேன்."

கலங்காது என்று சொன்ன மாலையில் கலங்கியிருக்காது என்று உலகம்மை உறுதியாக நம்பினாள். ஆனாலும் வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. பார்த்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினாள்.

தரவுப் பொறியாளர் ஷாஜகான் திங்கட்கிழமையின் அளவீடுகளைத் திரையில் போட்டான். கரையோரம் நெடுக, செயற்கைக்கோளின் சைகையை வாங்கி அளக்கும் ஏற்பிகள் அனைத்தும் அமைதியாக இருந்தன. கணிப்புக் கோடு நீலம், அளவீட்டுக் கோடு சிவப்பு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன.

"பாத்தீங்களா மேடம்? முடி நுழைய இடமில்ல," என்றான் ஷாஜகான் பெருமையாக.

உலகம்மை பார்த்தாள். அதற்கு முந்தைய திங்களைக் கேட்டாள். அதற்கும் முந்தையதைக் கேட்டாள். எல்லாம் அப்படியே படிந்து கிடந்தன. இருபது வருடமாக வானத்தோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். சொன்ன பேச்சை இவ்வளவு கேட்கிற ஒன்றை அவள் வீட்டிலும் பார்த்ததில்லை, வெளியிலும் பார்த்ததில்லை.

"ஷாஜகான், இது சல்லடைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான். முன்னாடி ஒரே குப்பையா இருக்கும்."

சல்லடை அவன் எழுதிய நிரல். பழுதான ஏற்பிகள் உளறும் எண்களைப் பிடித்து வெளியே தள்ளும். அது வந்த பிறகுதான் விருதும் வந்தது.

"எது குப்பைன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம கணிப்புலேருந்து ரொம்ப விலகுனா அது கருவிக் கோளாறு. தூக்கிப் போட்டுரும்." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான். முகம் வெளுத்துவிட்டது. "மேடம்..."

"ஆமா," என்றாள் உலகம்மை. "கணிப்பு தப்பாப் போனா, தப்புன்னு சொல்ற அளவைத்தான் மொதல்ல தூக்கிப் போடும். நாமளே கேள்வி கேட்டு, நாமளே பதில் எழுதி, நாமளே மார்க்கும் போட்டிருக்கோம்."

ஷாஜகான் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். தூக்கிப் போட்டதைச் சேமித்து வைக்கிறோமா என்று கேட்டாள். குப்பையை யாராவது வைத்துக்கொள்வார்களா என்றான், அழாத குறையாக.

அவளுக்கும் கோபமாகத்தான் வந்தது, முக்கால்வாசி தன்மேல். ஆனால் உட்கார்ந்து புலம்புகிற சுபாவம் அவளுக்கில்லை. நடந்தது என்னவென்று இப்போது புரிந்துவிட்டது. திங்களன்று கடலுக்கு மேலே ஒரு குமிழி கிளம்பியிருக்க வேண்டும். சைகை அறுந்ததும் வேலிப்பெட்டி குழம்பியிருக்கும். கலங்கல் என்று அறிவித்திருந்தால் அது வாயை மூடிக்கொண்டிருக்கும். கலங்காது என்று நிலையமே சொல்லிவிட்டதால், இடைவெளியைத் தன் ஊகத்தால் நிரப்பி, படகு போகாத ஊருக்கு வழி வரைந்துவிட்டது. பொய்ச்சாட்சி சொன்னது பெட்டி. சொல்ல வைத்தது உலகம்மையின் அறிவிப்பு.

"குமிழி எந்தப் பக்கம் நகரும்?" என்று ஷாஜகானைக் கேட்டாள்.

"ராத்திரிப் பக்கம் எப்பவும் கிழக்கதான்."

"அப்ப நடுக்கடல்ல நின்ன படகையெல்லாம் மேக்கேருந்து கிழக்க ஒவ்வொண்ணா உலுக்கிட்டுத்தானே போயிருக்கும்? படகு தப்புப் பண்ணா ஒரு படகு மட்டும்தான் நகரும். வானம் தப்புப் பண்ணா எல்லாரும் வரிசையா ஆடணும். வேலிப்பெட்டியில சைகையோட பலம் அப்படியே இருக்கும். அதுல உன் சல்லடை கிடையாது."

மறுநாள் காலை இருவரும் தங்கச்சிமடம் மீன் ஏலக்கூடத்துக்குப் போனார்கள். ஏலம் முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிரகாசி சொல்லி வைத்திருந்ததால் திங்கட்கிழமை கடலுக்குப் போன படகுக்காரர்கள் கூடியிருந்தார்கள். உலகம்மை நடந்ததை மறைக்காமல் சொன்னாள். கணிப்பு தப்பியிருக்கலாம், நிரூபிக்க உங்கள் பெட்டிகள் வேண்டும் என்றாள்.

சங்கத் தலைவர் மரியதாஸ்தான் தொண்டையைச் செருமினார்.

"ரெமி நல்ல பயதான் மேடம். அவனுக்காக என்ன வேணாலும் செய்வோம். ஆனா பெட்டியத் திறக்குறது..." கொஞ்சம் இழுத்தார். "நீங்க கலங்கல்னு சொன்ன மாலையில நாங்க எங்கிட்டெல்லாம் போனோம்னு அதுக்குத் தெரியும். சட்டப்படி செல்லாதுதான். ஆனாத் தெரிஞ்சது தெரிஞ்சதுதானே? இவன் போன இடம் அவனுக்குத் தெரிஞ்சா நாளைக்கு இங்ஙன வெட்டுக்குத்து ஆயிரும்."

பின்னாலிருந்து ஒருத்தி, "கடல்ல மட்டுமா? கரையில போன இடமும் தெரிஞ்சிரும்ல," என்றாள். சிரிப்பு எழுந்தது. ஆனால் யாரும் பெட்டியைக் கொடுக்க முன்வரவில்லை. பிரகாசியின் முகம் விழுந்துவிட்டது.

உலகம்மை ஒரு கணம்தான் யோசித்தாள். "எனக்கு இடம் வேண்டாம்," என்றாள்.

"என்னது? உங்க பிழைப்பே இடந்தானே மேடம்?"

"இப்ப வேண்டாம். நேரமும் சைகையோட பலமும் மட்டும் போதும். அதை மட்டும் தனியா எடுக்க முடியும், உங்க கண்ணு முன்னாடியே எடுப்பான் ஷாஜகான். ஆனா யாருக்கு அடுத்து யாரு நின்னீங்கன்னு மட்டும் நான் தெரிஞ்சுக்கணும்."

"அதுக்கு எதுக்குப் பெட்டி?" என்றார் மரியதாஸ். "வலை ஒண்ணோடொண்ணு சிக்கக் கூடாதுன்னு வாரா வாரம் இங்ஙனயே சீட்டுக் குலுக்கித்தான இடம் பிரிக்கிறோம். மேக்க எவன், கிழக்க எவன்னு பச்சப் பிள்ளைக்கும் தெரியும். கிழக்குக் கடைசி ரெமிக்கு விழுந்துச்சு. விழுந்தப்பவே முகத்தச் சுளிச்சான்."

"அப்ப நில்லுங்க," என்றாள் உலகம்மை. "கடல்ல நின்ன மாதிரியே இங்க நில்லுங்க."

ஈரத் தரையில் மேற்கிலிருந்து கிழக்காக அவர்கள் வரிசைகட்டினார்கள். நீ தள்ளு, அது என் இடம், கடலில்தான் இடிக்கிறாய் கரையிலுமா என்று கேலியும் இரைச்சலுமாக ஒருவழியாக நின்றார்கள். கிழக்குக் கோடியில் ரெமிஜியூஸின் இடம் காலியாக இருந்தது. பிரகாசி போய் அங்கே நின்றாள். படகுகளிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளை ஷாஜகான் ஒவ்வொன்றாகத் தன் கருவியில் செருகி, சைகை மங்கிய நேரத்தை மட்டும் எடுத்து அவரவரிடம் சொன்னான். பிறகு திங்கள் மாலையின் நேரத்தை மெதுவாக வாசித்துக்கொண்டே வந்தான். தன் படகின் சைகை மங்கிய நேரம் வரும்போது அவரவர் கையைத் தூக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

முதலில் மேற்குக் கோடியில் ஒரு கை உயர்ந்தது. ஷாஜகான் நேரத்தைத் தொடர்ந்தான். அதற்கு அடுத்த கை. கொஞ்சம் கழித்து அடுத்தது. கேலி நின்றுவிட்டது. கைகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே நடையில், கிழக்கு நோக்கி வந்துகொண்டிருந்தன. யாரும் முந்தவில்லை, யாரும் பிந்தவில்லை. மரியதாஸின் கை உயர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. ரெமிஜியூஸின் பெட்டி காவலில் இருந்தாலும், அவன் எல்லையைத் தாண்டியதாகச் சொல்லப்பட்ட நேரம் பிரகாசிக்கு மனப்பாடம். ஷாஜகான் அந்த நேரத்தை வாசித்தான். அவள் கையைத் தூக்கினாள். முந்தைய கைக்கும் அதற்கும் இடைவெளி அச்சாக அதே அளவு.

"மத்த எல்லாரும் கூட அன்னைக்கு இடம் மாறித்தான் தெரிஞ்சிருப்பீங்க," என்றாள் உலகம்மை. "பக்கத்துல எல்லை இல்ல, அதனால யாரும் கவனிக்கல. கடைசி இடம் விழுந்தது மட்டும்தான் அவரு செஞ்ச குத்தம்."

பிரகாசி தூக்கிய கையை இறக்காமலே அழுதாள்.

அன்று மாலை தலைமையகத்திலிருந்து உலகம்மைக்கு அழைப்பு வந்தது. ஒரு படகுக்காக நிலையத்தின் பெயரைக் கெடுக்க வேண்டுமா, கருவிக் கோளாறு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அவனும் தப்பிப்பான், நாமும் தப்பிப்போம் என்று இனிமையாகச் சொன்னார்கள். கோளாறு கருவியில் இல்லை சார், நம்மிடத்தில்தான் என்று அவளும் அதே இனிமையோடு சொல்லி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை இராமநாதபுரம் இடச்சாட்சி மன்றத்தில் நடுவர் அம்மையார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"திங்கட்கிழமை உங்க கணிப்பு தப்புன்னு நீங்களே சொல்றீங்க. சரி. இதுக்கு முன்னாடி எத்தனை மாலை தப்பியிருக்கும்?"

அந்தக் கேள்வி வரும் என்று உலகம்மைக்குத் தெரியும். வந்தபோது கூண்டின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த மாலைகளின் இடச்சாட்சியால் வேலை போனவர்கள், வீடு உடைந்தவர்கள், சிறைக்குப் போனவர்கள் எத்தனை பேரோ.

"தெரியாதுங்க," என்றாள். "தெரிஞ்சுக்கிறதுக்கு இருந்த வழியை நாங்களே அடைச்சிட்டோம். இன்னையிலேருந்து சல்லடை இல்லாம அளக்கிறோம். எங்க கணிப்பு எவ்வளவு தப்பும்னு இனிமேதான் தெரியும். தெரிஞ்சதும் மொதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்."

ரெமிஜியூஸ் விடுவிக்கப்பட்டான். படகும் உரிமமும் திரும்பக் கிடைத்தன. பழைய வழக்குகளை மறுபடி எடுக்க வேண்டும் என்றும், மறு உத்தரவு வரும்வரை சூரியன் மறைந்தபின் எந்த மாலையிலும் இடச்சாட்சி செல்லாது என்றும் நடுவர் எழுதினார். மதுரை வரை, மன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட பகுதி முழுவதும் மாலை வேளையில் புள்ளிகளை அணைத்து வைக்கச் சொன்னார். வெளியே கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். தினமும் சாட்சியில்லா மாலை என்றால் சும்மாவா!

படிக்கட்டருகில் பிரகாசி ஓடிப்போய்க் கணவனின் கையைப் பிடித்தாள். ரெமிஜியூஸ் ஒல்லியாக, குரலை உயர்த்தத் தெரியாதவனாக இருந்தான். உலகம்மைக்கு வணக்கம் சொன்னான். பிறகு மனைவி பக்கம் திரும்பினான்.

"நீ போகலைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுய்யா," என்றாள் பிரகாசி. "எல்லாப் பெட்டியும் சொல்லிருச்சு."

"பெட்டி போனேன்னுச்சு, நம்புன. இப்பப் பெட்டி போகலைன்னுச்சு, நம்புற." அவன் குரலில் கோபமில்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "ஊடால நானும் ஒண்ணு சொன்னேன் பிரகாசி."

பிரகாசி அவன் கையிலிருந்த துணிப்பையை வாங்கிக்கொண்டாள். இருவரும் பேருந்து நிறுத்தம் நோக்கி நடந்தார்கள். பாதி வழியில் அவள் நின்று என்னவோ கேட்டாள். அவன் என்னவோ சொன்னான். அவள் தலையாட்டினாள், ஒரு முறை, பிறகு இன்னொரு முறை அழுத்தமாக. உலகம்மை நிலையத்து வண்டியில் ஏறாமல் அவர்கள் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். நீதி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட வந்தவளுக்கு மனம் கனத்துக் கிடந்தது.

நிலையத்துக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கியிருந்தது. ஷாஜகான் சல்லடையைக் கழற்றியிருந்தான். திரையில் நீலக் கோடு ஒரு பக்கம் போனது, சிவப்புக் கோடு மேடும் பள்ளமுமாகத் தன் இஷ்டத்துக்கு இன்னொரு பக்கம் போனது. பல ஆண்டுகளுக்குப் பிறகு வானத்தை நேருக்கு நேர் பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு. உற்சாகமாகவே இருந்தது. இதைப் பிடித்துவிடலாம், கொஞ்சம் நாளாகும், ஆனால் இந்த முறை உண்மையாகவே பிடித்துவிடலாம்.

அப்போது குழலி அழைத்தாள்.

"அம்மா, ரெண்டு நாள் லீவு. டிரைவர் ஓட்டுற பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன்."

"எங்கட்டி வார?"

"பரமக்குடி தாண்டியாச்சு."

உலகம்மையின் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் வரைபடத்துக்குப் போனது. வரைபடம் வெறுமையாகக் கிடந்தது. குழலி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பரமக்குடியும் இருக்கலாம், மதுரையும் இருக்கலாம், யார் கண்டது? துணிப்பையோடு நடந்துபோன இருவரும் நினைவுக்கு வந்தார்கள். அவள் வரைபடத்தை மூடினாள்.

"சரி, வா. சோறு வடிச்சு வைக்கேன்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று குழலி எதிர்பார்க்கவில்லை போலிருந்தது.

"புள்ளியப் பாக்காமலே நம்பிட்டியா?"

"நீதான் சொல்லிட்டியே," என்றாள் உலகம்மை. சொன்ன பிறகு, மகளின் பதிலுக்காகக் கொஞ்சம் பயத்தோடுதான் காத்திருந்தாள்.

"அம்மா," என்றாள் குழலி மெதுவாக. "பரமக்குடி இன்னும் வரல. இப்பத்தான் மானாமதுரை. ஆனா வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்."